தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், விசுவாசத்தை அங்கே எப்படிச் சொல்வது?

மண்டிக்கணக்கு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி இந்து, நல்ல மனிதர், கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்காமலே கொடுப்பார், என் மகள் காய்ச்சலில் படுத்தபோது வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று சாவியைக் கையில் வைத்தவர். பிரச்சினை அவரால் இல்லை. எங்கள் சபையில் இந்த வருடம் ஒவ்வொரு விசுவாசியும் ஒரு ஆத்துமாவைக் கொண்டுவரணும், அதாவது ஒரு புது ஆளைச் சபைக்குக் கொண்டுவரணும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஊருக்குக் கொடுக்க, இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளும் கட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். அது என் மேசை டிராயரிலேயே கிடக்கிறது. மண்டியில் விடியற்காலையிலிருந்து ஏலம், இறக்குக்கூலிச் சண்டை, லாரிக்காரன் அவசரம், இதற்கு நடுவில் யாரிடம் என்ன சொல்வது? பெட்டி தூக்குகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், கைப்பிரதியில் இருக்கிற தமிழ் எனக்கே இரண்டு தரம் படித்தால்தான் புரிகிறது.

இன்னொன்றும் கேட்கணும். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எல்லாருக்கும் பொங்கல் கொடுப்பார்கள், நானும் சாப்பிடுவேன். சபையில் ஒரு பிரதர் அது கூடாது என்கிறார். ஆயுத பூஜையும் வருகிறது, எலக்ட்ரானிக் தராசுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை ஒவ்வொரு வருடமும் கணக்கு மேசைக்காரன் தலையில்தான் விழும். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஓசூர்_பிரதர்:
பிரைஸ் த லார்ட் பிரதர். வெட்கப்படாமல் கொடுங்கள், அவ்வளவுதான். நான் கம்பெனி பஸ்ஸில் போகிறவன், சிப்காட் வரைக்கும் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தையாவது பேசிவிடுவேன். சிலர் காதில் இயர்போன் மாட்டிக்கொள்வார்கள், பரவாயில்லை. "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று ரோமர் 10:14 கேட்கிறது. நல்லவனாக இருந்தால் போதும், பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பாதிப்பேர் வாயே திறக்காமல் ரிட்டயர்டு ஆகிவிடுகிறோம். பொங்கல் விஷயத்தில் உங்கள் சபை பிரதர் சொன்னதுதான் சரி. பைபிளில் தானியேல் பாபிலோன் ராஜாவின் போஜனத்தையே வேண்டாம் என்றவர்.

எலத்தகிரி_பேரன்:
இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன், கொஞ்சம் வேறு மாதிரிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் கோயில் மணி அடித்தால் ஊரே எழுந்திருக்கும், அதனால் விசுவாசத்தை மற்றவருக்குக் காட்டுவது, சாட்சி சொல்வது என்கிற கேள்வியே எனக்குச் சின்ன வயதில் வந்ததில்லை. கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போனபிறகுதான் சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போடலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் புனிதர் அசிசி பிரான்சிஸ் சொன்னதாக ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, எப்போதும் நற்செய்தி சொல்லுங்கள், தேவைப்பட்டால் மட்டும் வார்த்தையைப் பயன்படுத்துங்கள் என்று. அது அவர் எழுத்துகளில் எங்கும் இல்லை. அவர் தெருத்தெருவாகப் பிரசங்கம் செய்தவர். ஆனால் 1221இல் தன் துறவற சகோதரர்களுக்கு எழுதிய ஒழுங்கில், 16ஆம் அதிகாரத்தில், முஸ்லிம்கள் நடுவே போகிறவர்கள் இரண்டு விதமாக வாழலாம் என்கிறார். ஒன்று, வாக்குவாதமும் சண்டையும் இல்லாமல், கடவுளுக்காக எல்லாருக்கும் அடங்கி நடந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் இருப்பது. இன்னொன்று, கடவுளுக்குப் பிரியம் என்று தெரிகிற நேரத்தில் வார்த்தையை அறிவிப்பது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1219இல், சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோதே எகிப்து சுல்தானைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் இதை எழுதுகிறார் என்பதால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை. மண்டிக்கணக்கு அண்ணன் இப்போது இருப்பது முதல் வழியில். அதை ஏதோ ஊழியத்துக்கு வராத சோம்பேறித்தனம் மாதிரிப் பேச வேண்டாம்.

ஒரு ஆளுக்கு ஒரு ஆத்துமா என்று டார்கெட் வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒருவனை மார்க்கத்தானாக்க கடலையும் பூமியையும் சுற்றுகிறீர்களே என்று பரிசேயரைப் பார்த்து இயேசு திட்டினது மத்தேயு 23இல் இருக்கிறது.

ஓசூர்_பிரதர்:
அந்த வசனத்தை முழுக்கப் படியுங்கள் பிரதர். ஆள் சேர்ப்பதற்காகத் திட்டவில்லை, சேர்த்த ஆளைத் தங்களைவிடக் கெட்டவனாக்குவதற்காகத் திட்டுகிறார்.

எலத்தகிரி_பேரன்:
சரி, அது நியாயம். டார்கெட் பிடிக்கவில்லை என்பதில் மாற்றமில்லை.

நைட்_டூட்டி_அக்கா:
தர்மபுரியில் நர்ஸ் வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

வார்டில் நான் கைப்பிரதி கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது என்று நினைக்கிறேன். படுத்திருக்கிறவருக்கு என்னிடம் மறுக்கிற வசதி இல்லை. ஊசி போடுகிறவள் நான், தண்ணீர் கொடுக்கிறவள் நான், நான் நீட்டினால் வாங்கித்தான் ஆகணும். வாங்குகிறவருக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் சுவிசேஷம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கடன் கொடுத்த இடத்திலும் அப்படித்தான். மண்டித் தம்பிக்கும் சொல்கிறேன், பெட்டி தூக்குகிறவர் கூலிக்கு உங்கள் மேசை முன்னால் நிற்கும்போது கைப்பிரதியை நீட்டினால், அவர் அதைக் கூலியோடு சேர்ந்த ஒன்றாகத்தான் பார்ப்பார்.

அதற்காக நான் வாயை மூடிக்கொண்டும் இருப்பதில்லை. பென்னாகரம் பக்கத்துப் பாட்டி ஒருவர், சர்க்கரைப் புண், காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று, மீதியும் நாற்றம். டிரெஸ்ஸிங் மாற்றும்போது துணைக்கு வந்த மகனே வெளியே போய்விடுவான். ஒட்டியிருக்கிற பஞ்சைச் சட்டென்று இழுத்தால் உயிர் போகும், அதனால் சலைன் ஊற்றி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கணும். பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, மூஞ்சியச் சுளிக்காம பண்றியே, சம்பளத்துக்கா?" என்றார். சம்பளத்துக்கும்தான் பாட்டி என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றார். அன்றைக்கு நான்கு வார்த்தை சொன்னேன், நாங்கள் கும்பிடுகிற சாமி மற்றவர் காலைக் கழுவினவர் பாட்டி என்று. அவர் "அப்படியா" என்று கேட்டுவிட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போனார். வீட்டுக்குப் போகும்போதும் முருகன்தான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

1 பேதுரு 3:15 பாருங்கள், விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் இருக்கிறது. கேட்கிறவருக்கு.

ஓசூர்_பிரதர்:
அக்கா, நீங்கள் சொன்னது கண்ணில் நீர் வரவைத்தது. ஆனால் எல்லா வேலையிலும் கேள்வி கேட்க வைக்கிற மாதிரிப் புண் கழுவக் கிடைக்காது. மெஷின் முன்னால் நிற்கிற என்னை யார் எதைக் கேட்பார்கள்?

மாரண்டஹள்ளி_விவசாயி:
நான் இந்து. கூகுளில் தக்காளி மண்டி என்று தேடினால் இங்கே வந்து நிற்கிறது, படிக்க ஆரம்பித்துவிட்டேன். எழுதலாம்தானே?

எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுத்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன், சண்டை போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அதில் "உங்கள் பாவம்" என்று ஆரம்பிக்கும்போது, என்னைத் தெரியாத ஒருத்தர் என் பாவத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று ஒரு மாதிரி இருக்கும். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய்ப் பூசணிக்காயில் விளக்குப் போட்டுவிட்டு வருகிறவன் நான், அங்கிருந்து வருகிற வழியில் ஒருமுறை என்னை நிறுத்தி, நீங்கள் கும்பிட்டது பிசாசு என்றார் ஒருவர். அப்புறம் அவர் என்ன சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது.

எங்கள் ஊர் டீச்சரம்மா கிறிஸ்தவர். பத்தாவது பெயிலான பசங்களை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். அவர் வீட்டுச் சுவரில் வசனம் எழுதின காலண்டர் தொங்கும். அவர் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் அந்தக் காலண்டரைப் படிக்காத பையன் ஊரில் கிடையாது.

அதெல்லாம் இருக்கட்டும். மண்டிக்கணக்கு அண்ணே, ஒரு விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மண்டியில் காலிப் பெட்டிக்கு எவ்வளவு எடை கழிக்கிறீர்கள்?

மண்டிக்கணக்கு:
மூன்று கிலோ. முதலாளி வைத்த கணக்கு, எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அப்படித்தான்.

மாரண்டஹள்ளி_விவசாயி:
பிளாஸ்டிக் பெட்டி இரண்டு கிலோகூட வராது. வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு லோடுக்கு எத்தனை பெட்டி என்று உங்களுக்குத்தான் தெரியும். விலை நன்றாக இருக்கிற நாளில் அந்த ஒரு கிலோவை விட்டுவிடலாம் என்று தோன்றும். விலை விழுந்து, பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிற நாளில் அந்த ஒரு கிலோ வயிற்றெரிச்சல்.

எலத்தகிரி_பேரன்:
இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறோம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்", நீதிமொழிகள் 11:1. பூஜைப் பொங்கலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம், தராசைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மண்டிக்கணக்கு:
ஒரு நிமிடம். தராசில் தப்பு இல்லை, வருடா வருடம் முத்திரை போடுகிறோம், தொழிலாளர் துறையிலிருந்து வந்தாலும் காட்டுவேன். கழிவு என்பது வேறு. அழுகல், ஈரம், காம்பு எல்லாம் சேர்த்துத்தான் மூன்று கிலோ என்று முதலாளி சொல்வார். நான் சம்பளத்துக்கு எழுதுகிறவன், விலையையும் கழிவையும் முடிவு செய்கிறவன் இல்லை. இதில் நான் என்ன செய்ய முடியும்?

மாரண்டஹள்ளி_விவசாயி:
அழுகலை ஏலத்தின்போதே தனியாகத் தள்ளிவிடுகிறீர்களே அண்ணே.

ஓசூர்_பிரதர்:
நான் ஒன்று சொல்லட்டுமா? எடை சரியாக எழுதுவது நல்லதுதான், எழுதணும். ஆனால் அது கிறிஸ்தவ சாட்சி ஆகிவிடுமா? எங்கள் கம்பெனி கேண்டீன் காண்ட்ராக்டர் ஐயப்ப பக்தர், ஒரு பைசா தப்பாக வாங்கமாட்டார். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான் துணி எடுக்கிற முஸ்லிம் பாய் கடையில் அளவு ஒரு விரல் அதிகமாகத்தான் இருக்கும். நேர்மை என்றால் அது எல்லாரிடமும் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு இயேசுவைச் சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

நைட்_டூட்டி_அக்கா:
நல்ல கேள்வி. சாட்சி ஆகாது, உண்மைதான். ஆனால் அது இல்லாமல் நாம் சொல்கிற சாட்சி நிற்காது. தம்பி கைப்பிரதியைக் கொடுக்கிற அதே விரலால் மூன்று கிலோ என்று எழுதினால், அந்த விவசாயி எதை நம்புவார்? யோவான் ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் வந்து நாங்கள் என்ன செய்யணும் என்று கேட்டபோது அவர் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார், அவ்வளவுதான். அவர்களும் மேலே இருக்கிறவன் சொன்ன கணக்கை எழுதினவர்கள்தான்.

அரூர்க்காரன்:
எல்லாரும் வெளியே இருக்கிறவர்களுக்கு எப்படிச் சாட்சியாக இருப்பது என்று பேசுகிறீர்கள். உள்ளே நடப்பதை அவர்கள் பார்க்கவில்லை என்று நினைப்பா? எங்கள் தாத்தா சேரியிலிருந்து கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். இந்தத் தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கிற கிறிஸ்தவ ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அரசாங்கமும் எங்களை விட்டுவைக்கவில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும்தான். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவன் ஆனவனும் முஸ்லிம் ஆனவனும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் எங்களை பி.சி. பட்டியலில் வைத்திருக்கிறார்கள். என் மகனுக்குச் சர்டிபிகேட் வாங்கப் போனபோது ஜாதி மாறவில்லை, தெரு மாறவில்லை, சலுகை மட்டும் மாறிவிட்டது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறோம் என்றால், அதைவிடப் பெரிய சாட்சி எங்களிடம் கேட்காதீர்கள். கைப்பிரதி எல்லாம் அப்புறம்.

எலத்தகிரி_பேரன்:
மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை அண்ணா.

ஓசூர்_பிரதர்:
சபைக்குள் அது இருந்தால் பாவம்தான் பிரதர். பூசி மெழுக வேண்டியதில்லை.

கோர்ட்_கேண்டீன்:
குறுக்கே வருகிறேன், கிருஷ்ணகிரியில் வக்கீல் குமாஸ்தா. கைப்பிரதி கொடுப்பது குற்றமா என்று பலரும் தனியாகக் கேட்கிறீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டம் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுக்கிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பரப்புவது என்றால் தன் மதத்தை விளக்கிச் சொல்வது, அடுத்தவரை மாற்றுவது ஓர் உரிமை அல்ல என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் அதை விலக்கிக்கொண்டார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். கடைக்காரர் தன் வளாகத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அங்கே 25ஆவது பிரிவைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

எலத்தகிரி_பேரன்:
பொங்கல் கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. 1 கொரிந்தியர் 10ஐ எடுங்கள். விருந்துக்கு அழைத்தால் மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரிக்காமல், முன்னால் வைத்ததைச் சாப்பிடு என்கிறார் பவுல். அடுத்த வசனத்திலேயே, இது சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் சாப்பிடாதே என்கிறார், அதுவும் அவருடைய மனச்சாட்சிக்காக. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஆளாளுக்கு வசதியான பாதியை எடுத்துக்கொள்கிறோம். தானியேலை இதற்கு இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து, அவர் வேறு நாட்டில் அடிமையாக இருந்தவர், முதலாளி அன்பாகக் கொடுத்த தொன்னை இல்லை அது.

ஓசூர்_பிரதர்:
படைத்தது என்று தெரிந்தே சாப்பிடுகிறாரே, அப்போது இரண்டாவது வசனம்தானே பொருந்தும்? நான் என் இடத்தில் வாங்கிக்கொள்வேன், நன்றி என்பேன், பக்கத்திலிருக்கிறவருக்குக் கொடுத்துவிடுவேன். யாரும் மனம் நோகவில்லை. சந்தனம் வைப்பது வேறு, அதை நான் செய்யமாட்டேன்.

நைட்_டூட்டி_அக்கா:
சந்தனத்துக்கு, சீரியா ராஜாவின் படைத்தலைவர் நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள். 2 இராஜாக்கள் 5. குஷ்டம் குணமாகி, இனி கர்த்தரைத் தவிர யாருக்கும் பலியிடமாட்டேன் என்று சொன்னவர், என் எஜமான் ரிம்மோன் கோவிலில் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே, அதை மன்னிக்கணும் என்கிறார். எலிசா தீர்க்கதரிசி பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்றார். நம் பாஸ்டர்கள் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தம்பி முதலாளியிடம் நேராகக் கேட்கலாம், அண்ணா, துடைத்துச் சுத்தம் செய்வது நான், பொட்டு வைப்பது வேறு யாராவது வைக்கட்டுமே என்று. உங்கள் மகளுக்கு வண்டிச் சாவி கொடுத்தவர் இதற்கா கோபிப்பார்?

இழை_காப்பாளர்:
சபை பெயர், போதகர் பெயர் போட்ட இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். பேச்சு நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

மண்டிக்கணக்கு:
சில நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, லோடு அதிகம்.

முதலாளியிடம் பேசினேன். சந்தனம் விஷயத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, சரி விடு, லோடுமேன் வைக்கட்டும் என்று போய்விட்டார். பெட்டி எடை விஷயத்தில்தான் முகம் மாறியது. யார் உன்னைத் தூண்டினது என்றார். யாரும் இல்லை, சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது, மூன்று கிலோ என்று எழுதும்போது கஷ்டமாக இருக்கிறது என்றேன். இதைக் கழிக்காவிட்டால் கமிஷனை ஏற்றணும், அது மட்டும் விவசாயிக்கு நல்லதா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏற்றினால் சீட்டில் வெளிப்படையாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் கூப்பிட்டு, கேட்கிற விவசாயிக்குக் காலிப் பெட்டியை எடை வைத்துக் காட்டி, வருகிற எடையையே கழித்துக்கொள் என்றார். கேட்காதவருக்குப் பழைய கணக்குத்தான். பாதி வழி வந்திருக்கிறது, மீதி எப்போது வரும் என்று தெரியாது. கைப்பிரதிக் கட்டு இன்னும் டிராயரில்தான் இருக்கிறது, சபையில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

ஓசூர்_பிரதர்:
பிரதர், முதலாளி "யார் தூண்டினது" என்று கேட்டாரே, அந்த இடத்தில்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா சொன்ன கேட்கிறவர் அவர்தான்! அடுத்த தடவை கேட்டால் விட்டுவிடாதீர்கள். கன்னடத்தில் சின்னப் புதிய ஏற்பாடு வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, கேட்கிறவர் யாராவது இருந்தால் மட்டும்.

நைட்_டூட்டி_அக்கா:
இதில் பிரதர் சொன்னதுதான் சரி தம்பி.

மாரண்டஹள்ளி_விவசாயி:
கேட்காதவருக்குப் பழைய கணக்கா? அப்போது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறேன், எல்லாரையும் கேட்கச் சொல்லி. உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாதே? மண்டிப் பெயர் போடமாட்டேன்.

மண்டிக்கணக்கு:
போடுங்கள். காலிப் பெட்டியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், மண் ஒட்டியிருந்தால் எடை கூடக் காட்டும், அப்புறம் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.